தொண்ணூற்றெட்டும் முப்பத்தெட்டும்



‘நடுவயதில் கல்லூரி’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பேச வருகிறவர் வழக்கமாக என்ன செய்வார்? ‘கல்விக்கு வயதில்லை’ என்பார். நீங்கள் கை தட்டுவீர்கள். பொன்னாடை போர்த்துவார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போவோம். நான் அதைச் சொல்ல வரவில்லை. கல்விக்கு வயது இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது, கல்லூரி மணி அடிக்கிற நேரத்தில் இருக்கிறது, அடுப்படியில் இருக்கிறது, அக்கம்பக்கத்து வாயில் இருக்கிறது. அந்த வயதை அங்கே வைத்தது யார்? அதை எடுக்க வேண்டியது யார்? இதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் கைதட்டு வாங்குகிற கதைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ராஜ்குமார் வைஷ்யா என்று ஒரு பெரியவர். உத்தரப் பிரதேசத்துப் பரேலியில் பிறந்தவர். 1938இல் பட்டம் வாங்கியவர். வேலை பார்த்து, ஓய்வு பெற்று, பாட்னாவில் மகன் வீட்டில் இருந்தார். தொண்ணூற்றெட்டு நடக்கிறபோது, 2017இல், நாலந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார முதுகலைத் தேர்வில் தேறினார். பக்கத்தில் கேரளத்துக்கு வாருங்கள். கார்த்தியாயினி அம்மா. 2018இல் கேரள அரசின் எழுத்தறிவுத் தேர்வை எழுதும்போது அவருக்கு வயது 96. வாங்கிய மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது வாங்கினார். ஒடிசாவில் ஜெய்கிஷோர் பிரதான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2020இல் நீட் எழுதித் தேறி, 64 வயதில் எம்.பி.பி.எஸ். வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

அருமையான மனிதர்கள். மூன்று பேரையும் நாடே கொண்டாடியது. வாட்ஸ்அப்பில் படம் போட்டோம், ‘சாதிக்க வயது தடையல்ல’ என்று எழுதினோம், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

சரி. இப்போது நம் தெருவில் ஒரு பெண். முப்பத்தெட்டு வயது. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. ‘நான் பி.ஏ. சேரலாம்னு இருக்கேன்’ என்று ஒருநாள் வாயைத் திறக்கிறாள். என்ன பதில் கிடைக்கிறது? மாமியார் சொல்கிறார், ‘இனி நீ படிச்சு கலெக்டர் ஆகப் போறியாக்கும்?’ கணவர் சொல்கிறார், ‘முதல்ல புள்ளையப் படிக்க வை, அப்புறம் நீ படிக்கலாம்.’ பெற்ற தாயே சொல்கிறாள், ‘ஏண்டி, நாலு பேரு சிரிக்கவா?’ மகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் சொல்லிவிடாதே என்று அம்மாவின் காதில் சொல்கிறாள்.

தொண்ணூற்றெட்டுக்குக் கைதட்டு, முப்பத்தெட்டுக்குச் சிரிப்பு. ஏன்? இதை நான் வெகுகாலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான்: தொண்ணூற்றெட்டு வயதுக்காரர் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அவர் படித்தால் யாருடைய சாப்பாடும் தள்ளிப்போகாது. அவர் தேறினால் யாருடைய வேலைக்கும் போட்டிக்கு வரமாட்டார். முப்பத்தெட்டு வயதுக்காரி அப்படியில்லை. அவள் நேரம் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறாள். தேர்வுக் கட்டணம் கேட்கிறாள். நாளைக்குப் பட்டம் வாங்கிவிட்டால் வீட்டில் ஒரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவாளோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. செலவில்லாத இடத்தில் பாராட்டுகிறோம். செலவு வருகிற இடத்தில் சிரிக்கிறோம்.

நான் அஞ்சல்வழிக் கல்விக்காரர்களுக்கு நீண்டகாலம் ஞாயிறு வகுப்பு எடுத்தவன். வரலாறு. ஏதாவது ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. ஐம்பது வயதுக்காரருக்கு முழங்கால் டெஸ்கில் இடிக்கும். வகுப்பு பத்து மணிக்கு. ஆண்கள் ஒன்பதே முக்காலுக்கே வந்து வாசல் கடையில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் பத்தே காலுக்கு மூச்சு வாங்க வருவார்கள். பெண்களுக்குப் பொறுப்பில்லை என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஐயா, ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பக்கத்தில் என்ன நாள்? கறி எடுக்கிற நாள். கறியைக் கழுவி, மசாலா அரைத்து, குழம்பை இறக்கி, மூடி வைத்துவிட்டுத்தானே அந்தப் பெண் பஸ் ஏற முடியும்? அதெல்லாம் முடித்து அவள் பத்தே காலுக்கு வந்தால், வருகைப் பதிவேட்டில் அது தாமதம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் புரிந்துகொண்ட ஒருவர் நம் மாநிலத்தில் இருந்தார். சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், சிறுமியாகவே விதவை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். அவருடைய தந்தை அவரைப் படிக்க வைத்தார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே தன்னைப் போன்ற இளம் விதவைகளை வீட்டில் சேர்த்துக்கொண்டு படிக்க வைக்கத் தொடங்கினார். அந்த இல்லம் வளர்ந்து திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நீங்கள் பார்க்கிறீர்களே, அதே கட்டடம். பிறகு 1927இல், சிறுமியர் வயதைக் கடந்த பெண்களும் தங்கிப் படிக்கட்டும் என்று சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார்.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது எது தெரியுமா? அவர் வெறும் பள்ளிக்கூடம் கட்டவில்லை. பள்ளிக்கூடம் அப்போதும் ஊரில் இருந்தது. அவர் கொடுத்தது தங்க ஓர் இடம், வேளாவேளைக்குச் சாப்பாடு, புத்தகத்தை எடுத்தால் ‘அதைக் கீழே வை’ என்று சொல்ல ஆளில்லாத நேரம். பாடத்துக்கு முந்தி அந்த நேரத்தை ஏற்பாடு செய்தாரே, அதனால்தான் அங்கிருந்து ஆசிரியைகள் கிளம்பி வந்தார்கள். இன்றைக்கு ஒரு வீட்டில் கணவரும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை எடுத்துக்கொண்டால், அந்த வீடு ஒரு சின்ன ஐஸ் ஹவுஸ். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் போதும், ஒன்றும் குறைந்துவிடாது.

இனி வகுப்பறைக்குள் போவோம். வயதானவர்கள் வந்தால் வகுப்பின் தரம் இறங்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆசிரியர்களிலும் உண்டு. நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஒருநாள் ரயத்வாரி முறை நடத்திக்கொண்டிருந்தேன். பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்தது, பிறகு மன்றோ 1820இல் சென்னை ஆளுநராக வந்தது, ஜமீன்தார் என்ற இடைத்தட்டு இல்லாமல் உழவனிடமே நேராக வரி போட்டது, ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கைச் சரிபார்த்தது என்று வழக்கமான பாடம். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. ‘சார், இது இம்பார்ட்டன்ட்டா?’ என்று கேட்டு, ஆமாம் என்றால் அடிக்கோடு போடுவார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர். கிராம உதவியாளர். ஊரில் இன்னும் தலையாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வுபெற ஓரிரண்டு ஆண்டு இருந்தது. பத்தாவதையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதித் தேறி, அதற்குப் பிறகு பி.ஏ. வரலாறு சேர்ந்தவர். மெல்லக் கையைத் தூக்கினார்.

‘சார், ஜமாபந்தின்னு சொன்னீங்களே. அது இன்னும் நடக்குது சார்.’

சொல்லுங்கள் என்றேன். எழுந்து நின்றார். ‘பசலி, அதான் வருவாய்க் கணக்கு வருசம், ஜூலை ஒண்ணுல ஆரம்பிக்கும் சார். அதுக்கு முன்னாடி மே, ஜூன்ல தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி. ரெண்டாம் நம்பர் கணக்கு, அதான் அடங்கல், சிட்டா எல்லாத்தையும் கட்டா கட்டி சைக்கிள் கேரியர்ல நான்தான் கொண்டுபோவேன். எங்க தாத்தா காலத்துல கர்ணம் கணக்கு எழுதுவார். எண்பதுல அதை எடுத்துட்டாங்க. நீங்க சொல்ற மன்றோ காலத்துல, மழை இல்லாம பயிரு காஞ்சா யாரு சார் வந்து பார்ப்பா? பார்த்தவன் எழுதினதுதானே கணக்கு?’

அந்தக் கேள்வியின் எடையைப் பாருங்கள். பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் தமிழ்நாட்டில் 1980இல் ஒழிந்தன. அதற்கு முன்னும் பின்னும் ஒரு கிராமத்துக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்த மனிதர் கேட்கிறார். ரயத்வாரி முறையில் அரசாங்கத்துக்கும் உழவனுக்கும் நடுவில் யாரும் இல்லை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. காய்ந்த பயிரை வந்து பார்த்து, காய்ந்ததா இல்லையா என்று எழுதியவன் நடுவில் இருந்தானா இல்லையா என்று இவர் கேட்கிறார். அதைத்தானே வரலாற்று ஆய்வாளர்களும் கேட்கிறார்கள்? அன்று அந்த இளம் பிள்ளைகள் பேனாவை மூடிவைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் இடம் பிடிக்க இரண்டு பேர் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

வயது முதிர்ந்த மாணவரை வகுப்பில் சேர்ப்பது நாம் அவருக்குச் செய்கிற தருமம் என்று நினைக்காதீர்கள். வகுப்புதான் லாபம் அடைகிறது. செவிலியர் ஒருவர் சமூகவியல் படிக்க வந்தால், பிரசவ வார்டில் எந்த வயதுப் பெண்கள் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பஸ் நடத்துநர் பொருளாதாரம் படிக்க வந்தால், டிக்கெட் விலை ஏறின மறுநாள் எந்த நிறுத்தத்தில் கூட்டம் குறைகிறது என்று அவருக்குத் தெரியும். புத்தகத்தில் இருப்பது சரியா என்று பார்க்கத்தான் இவர்கள் வருகிறார்கள். இருபது வயதில் நமக்கு அந்தத் துணிச்சல் வராது.

அவர்களுக்குக் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. பெரிய கஷ்டம் மூளையில் இல்லை, கையில். சிரிக்காதீர்கள். கடைசியாகப் பேனா பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதியது பிளஸ் டூ பரீட்சையில். அதற்குப் பிறகு மளிகைச் சீட்டும் கையெழுத்தும்தான். திடீரென்று மூன்று மணி நேரம் எழுது என்றால் கட்டை விரல் மரத்துப்போகும். இரண்டாவது பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு வரும்போது எழுத்து கோணல்மாணலாகும். என்னிடம் படித்த சத்துணவு அமைப்பாளர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் குக்கரை ஏற்றிவிட்டு, விசில் வருவதற்குள் ஒரு பக்கம் எழுதி முடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டார். நோட்டுக்குப் பழைய செய்தித்தாள் அட்டை. அதன் ஓரங்களில் மஞ்சள் கறை. அவர் விடைத்தாளைத் திருத்தியவருக்கு அந்தக் கறை தெரிந்திருக்காது, ஆனால் கடைசிப் பக்கம் வரைக்கும் கையெழுத்து ஒரே சீராக இருந்திருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், சேரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். படிக்கிற கண்ணாடியை மறக்காதீர்கள். நாற்பது தாண்டியவர்களில் ஹால் டிக்கெட்டை மறந்தவர் குறைவு, கண்ணாடியை மறந்தவர்கள் அதிகம். வினாத்தாளை ஒரு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். கண்காணிப்பாளருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு ஒரு பக்கம். கல்லூரியும் பல்கலைக்கழகமும் என்ன செய்யலாம்? படிப்பை நடுவில் விட்டுவிட்டுப் போனவனுக்குக் கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும்? அம்பேத்கரைப் பாருங்கள். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்கிறார். பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்ற அனுமதியோடு திரும்பினார். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார், கடனும் வாங்கினார். 1920இல், குடும்பஸ்தராக, மறுபடி மாணவராக லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்ஸி., 1922இல் பாரிஸ்டர், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம். அந்த ‘நான்கு ஆண்டு’ அனுமதி இல்லாமல், ‘பிரேக் ஆஃப் ஸ்டடி, மறுபடி முதலிலிருந்து சேரு’ என்று ஒரு குமாஸ்தா சொல்லியிருந்தால்?

நம் மு.வ.வை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் மு.வ.வை எல்லோருக்கும் தெரியும். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த மு.வ.வைப் பலருக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாமல் அந்த வேலையை விட்டார். தனியாகத் தமிழ் படித்தார். 1935இல் வித்துவான் தேர்வில் தேறினார். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே மேலே மேலே தேர்வு எழுதினார். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் முனைவர் பட்டம் அவருக்குத்தான். அப்போது வயது முப்பத்தாறு. வெளியே இருந்து படித்துத் தேர்வு எழுதலாம் என்ற ஒரு வாசல் அன்றைக்குத் திறந்திருந்தது. அந்த வாசல் வழியாக வந்தவர் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தார். அதே 1971இல்தான் அந்தப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற பொருத்தம்.

அந்த ஆண்டில் உலகத்தின் இன்னொரு மூலையிலும் இதே காரியம் நடந்தது. பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. முன்தகுதி கேட்கவில்லை. பி.பி.சி. தொலைக்காட்சியில் விடியற்காலையிலும் நடு இரவிலும் பாடம் ஒளிபரப்பினார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு அந்த நேரம்தானே கிடைக்கும்? அதற்கும் முந்தி, 1823இலேயே, லண்டனில் தொழிலாளிகளுக்கென்று மாலை வகுப்புக் கழகம் ஒன்று ஆரம்பித்தார்கள். இன்று பிர்க்பெக் என்ற பெயரில் அது இருக்கிறது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. 1982இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985இல் இக்னோ, 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கோவையில் பகல் முழுக்க பவுண்டரியிலும் பம்ப் கம்பெனியிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பகுதிநேர பி.இ. வகுப்புக்கு ஓடிய டிப்ளமோக்காரர்கள் எத்தனை பேர்! அண்ணா பல்கலைக்கழகம் 2021இல், இருபது ஆண்டுக்கு முன் அரியர் வைத்துவிட்டுப் போனவர்களும் வந்து எழுதலாம் என்று அறிவித்தது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் இருந்த உச்ச வயது வரம்பை 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது. வாசல்கள் திறக்கத்தான் செய்கின்றன.

ஆனால் இந்த வாசல்களைத் திறந்தவர்கள் எல்லோரும் உள்ளே வருகிறவனை மதித்தார்களா? அதையும் பேசத்தான் வேண்டும். பல பல்கலைக்கழகங்களுக்கு அஞ்சல்வழிக் கல்வி ஒரு கறவை மாடு. பால் மட்டும் வேண்டும், தீவனம் போட மனமில்லை. கட்டணம் குறித்த நாளில் கட்ட வேண்டும், பாடப்புத்தகம் பரீட்சைக்கு முந்தின வாரம் வரும். பாடம் எழுதியவர் ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆகியிருக்கும், பாடம் மட்டும் மாறியிருக்காது. பிறகு, ‘கரஸ்ல படிச்சவனா?’ என்று ஏளனமும் நாமே செய்கிறோம். பாடத்தைச் சரியாகக் கொடுக்காத இடத்தை விட்டுவிட்டு, கடைத்தெருவில் கைடு வாங்கிப் படித்தவனைக் குறை சொல்லி என்ன பயன்?

விண்ணப்பம் வாங்குகிற கவுன்டரைச் சொல்லாமல் விட முடியுமா? பெண்களுக்கு மட்டுமே நடக்கிற ஒரு கூத்து இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் கணவரின் முதலெழுத்து. கவுன்டரில் இருப்பவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். ‘இது வேற ஆளும்மா’ என்பார். அந்தப் பெண் அங்கேயே நிற்கிறாள், முகமும் போட்டோவில் இருக்கிறது, ஆனாலும் அவள் வேறு ஆள். கெஜட்டில் போட்டு வா, நோட்டரி வாங்கி வா, வி.ஏ.ஓ. சான்று வாங்கி வா. பழைய டி.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போ. ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒருநாள் கூலி போகும். மூன்றாவது அலைச்சலில் பாதிப் பேர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களைத்தான் நாம் ‘ஆர்வம் இல்லாதவர்கள்’ என்று கணக்கில் எழுதுகிறோம். ஆண்களே, உங்கள் முதலெழுத்து என்றைக்காவது மாறியிருக்கிறதா?

கொஞ்சம் கறாராகவும் பேச வேண்டும். ஆர்வத்தில் போய் ஏமாறாதீர்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையை விட்டுவிடாதீர்கள். ஒருகாலத்தில் அடிப்படைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலை முறையில் நேராக எம்.ஏ. வாங்கலாம் என்று விளம்பரம் வந்தது. எத்தனையோ பேர் வாங்கினார்கள். அப்படி வாங்கிய பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உழைத்துப் படித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பத்தாவது முடிக்காதவரா? தனித்தேர்வராக எழுதுங்கள், அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேருங்கள். அதற்கு உச்ச வயது கிடையாது. அஞ்சல்வழியில் சேருவதென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று யு.ஜி.சி. பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தெருமுனை சென்டர்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். சட்டம், நர்சிங், பொறியியல் எல்லாம் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவற்றை அஞ்சலில் படிக்க அனுமதியே இல்லை.

‘சின்னப் பசங்களுக்கே வேலை இல்லை, இவங்க படிச்சு என்ன ஆகப் போகுது?’ என்று ஒரு கேள்வி வரும். முன்வரிசையில் ஒருவர் அதைக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்வி. வேலைக்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். குரூப் 2 போன்ற தேர்வுகளில் பல பிரிவினருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் உச்ச வயது வரம்பு இல்லை. பட்டம் மட்டும்தான் குறுக்கே நிற்கிறது. முப்பத்தெட்டில் சேர்ந்து நாற்பத்தொன்றில் தேர்வு எழுதுகிறவளைத் தப்பாகச் சொல்ல முடியுமா? ஆசிரியர்கள் பலர் ஊக்க ஊதியத்துக்காக எம்.ஏ. படித்தார்கள். 2020 மார்ச்சில் அரசு அந்த ஊக்க ஊதியத்தை நிறுத்தியது. இன்கிரிமென்ட் போனதும் படிப்பும் போயிற்று என்று விட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் படித்தவர்கள் உண்டு. அந்தத் தலையாரிக்குப் பதவி உயர்வு வரப்போவதில்லை. பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். ‘நாப்பது வருசமா இந்தக் கணக்கைச் சுமந்தேன் தம்பி. இதை எதுக்கு எழுதுறாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலை’ என்றார்.

அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை இந்த நாட்டுக் கல்லூரிகளுக்கு இருந்ததா இல்லையா? இருந்தது. இன்னும் இருக்கிறது. அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். மாலைநேரக் கல்லூரிகளைக் கேட்போம், பாடப்புத்தகம் உரிய நேரத்தில் வர வேண்டும் என்று கேட்போம், முதலெழுத்துத் தகராறுக்கு ஒரே ஒரு உறுதிமொழிப் படிவம் போதும் என்று கேட்போம். அது வருகிறபோது வரட்டும். இன்றைக்கு இந்த மண்டபத்தில் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டிருக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள், விண்ணப்பமும் நிரப்பித் தருவார்கள். மதிப்பெண் சான்றிதழ் கையில் இல்லையென்றாலும் பரவாயில்லை, படித்த பள்ளியும் வருடமும் தெரிந்தால் போதும். பேரில் முதலெழுத்து மாறியிருப்பவர்கள் முதலில் வாருங்கள். உங்களுக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். கூட வந்திருக்கும் கணவன்மார்கள் வரிசையில் நிற்க வேண்டாம். நேராக வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழி பாருங்கள்.